மேலே இருக்கிற அந்த ஒரு வரி

தங்கச்சி, லேப்டாப் வந்தாச்சு, பிரவுசரையும் திறந்தாச்சு, இனி எதுல இருந்து ஆரம்பிக்கிறதுன்னு கேட்டிருக்கே. வலது மூலையில் இருக்கிற மூணு கோட்டைத் தட்டி மெனுவுக்குள்ள மட்டும் இப்போ போகாதே. அங்க ஏகப்பட்டது இருக்கும், ஒண்ணும் மனசுல நிக்காது. மேலே நீளமா ஒரு பெட்டி இருக்கு பாரு, அட்ரஸ் பார். கொஞ்ச நாளைக்கு அதை மட்டும் பழகு. தேடுறது, ஏமாத்து சைட்டைக் கண்டுபிடிக்கிறது, தொலைச்ச பக்கத்தை எடுக்கிறது, தொல்லை பண்ற சைட்டோட வாயை அடைக்கிறது, விளம்பரம் இல்லாம நிம்மதியாப் படிக்கிறது, எல்லாமே அந்த ஒரு வரியிலயும் அதோட ரெண்டு ஓரத்துலயும்தான் இருக்கு.

போன்லயே பழகினவங்க லேப்டாப்புக்கு வந்ததும் ஒரே மாதிரி ஒரு காரியம் பண்றாங்க. அட்ரஸ் பாரில் கூகுள்னு அடிப்பாங்க. கூகுள் பக்கம் வரும். அதுக்குள்ள இருக்கிற பெட்டியில் டிஎன்பிஎஸ்சின்னு அடிப்பாங்க. வரிசையா லிங்க் வரும். முதல்ல நிக்கிறது விளம்பரமா, கோச்சிங் சென்டரா, தேர்வாணையத்தோட சொந்த சைட்டான்னு பார்க்காம அதையே கிளிக் பண்ணுவாங்க. மறுநாள் அதே பக்கம் வேணும்னா மறுபடியும் கூகுள், மறுபடியும் அதே வரிசை. நேத்து போன பக்கம் பிரவுசருக்கு ஞாபகம் இருக்கு. அதோட தலைப்புல இருந்து ரெண்டு மூணு எழுத்து அட்ரஸ் பாரில் அடிச்சாலே எடுத்து நீட்டும். தமிழ்ல அடிச்சாலும் நீட்டும். விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்துத் தட்டினா கீபோர்டு தமிழுக்கு மாறும், அதுக்கு முன்னாடி செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்து வெச்சிருக்கணும், அவ்வளவுதான்.

நான் ஃபயர்பாக்ஸை வெச்சுத்தான் சொல்லப்போறேன். ஏன் அதுன்னு கடைசியில் சொல்றேன். குரோமோ எட்ஜோ வெச்சிருந்தாலும் முக்கால்வாசி கீ அதேதான், மாறுற இடத்தில் சொல்லிடறேன்.

ஒரு காலத்தில் அட்ரஸுக்குத் தனிப் பெட்டி, தேடுறதுக்குத் தனிப் பெட்டின்னு இருந்தது. 2008 ஜூனில் வந்த ஃபயர்பாக்ஸ் 3, நாம பார்த்த பக்கங்களையும் புக்மார்க்கையும் அட்ரஸ் பாரிலேயே தேடிக் கொடுக்க ஆரம்பிச்சது. அதே வருஷம் செப்டம்பரில் வந்த குரோம் ரெண்டு பெட்டியையும் ஒண்ணாக்கிடுச்சு. ஃபயர்பாக்ஸ் அந்த வழிக்கு வர 2017 நவம்பர் ஆச்சு. அதனாலதான் வயசானவங்க சில பேர் இன்னும் அட்ரஸ் பாரில் தேடக்கூடாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. தாராளமாத் தேடலாம்.

முதல்ல பழக வேண்டிய கீ கண்ட்ரோலும் எல்லும். எங்க இருந்தாலும் தட்டு, கர்சர் அட்ரஸ் பாருக்குப் போயிடும், அங்க இருக்கிற பழைய அட்ரஸும் மொத்தமா செலக்ட் ஆகியிருக்கும். அழிக்க வேண்டாம், மேலேயே அடிச்சுக்கிட்டுப் போகலாம். மவுஸைத் தேடிப் பிடிச்சு, அட்ரஸை மூணு தடவை கிளிக் பண்ணி அழிக்கிறதை விட்டுடுவே.

அடுத்தது பலருக்குத் தெரியாத விஷயம். ஃபயர்பாக்ஸ் அட்ரஸ் பாரில் % குறி போட்டு ஒரு ஸ்பேஸ் விட்டா, இப்போ திறந்திருக்கிற டேப்களில் மட்டும் தேடும். * போட்டா புக்மார்க்கில் மட்டும். ^ போட்டா நீ முன்னே பார்த்த பக்கங்களில் மட்டும். பொருளாதாரப் பாடத்துக்கு முப்பது டேப் திறந்து வெச்சுட்டு, அதுல ஐந்தாண்டுத் திட்டம் எந்த டேப்னு ஒவ்வொண்ணா கிளிக் பண்ணித் தேடுவே பாரு, அப்போ % போட்டு 'திட்ட'ன்னு அடிச்சாப் போதும். குரோமில் இதுக்குப் பதிலா @ குறியை அடி. அடிச்சதும் டேப்பா, புக்மார்க்கா, ஹிஸ்டரியான்னு அதுவே பட்டியல் போட்டுக் கேட்கும்.

அட்ரஸைப் படிக்கத் தெரியணும்

இந்தப் பகுதியை நிதானமாப் படி. மத்ததெல்லாம் வசதி, இது காசு.

ஒரு அட்ரஸ் யாருக்குச் சொந்தம்னு இடது பக்கத்துல இருந்து படிச்சாத் தெரியாது. ஆரம்பத்தில் வர்ற இரட்டைச் சாய்கோட்டை விட்டுடு. அதுக்கப்புறம் வர்ற முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கேன்னு பாரு. அங்க நின்னுக்கிட்டு இடது பக்கமாத் திரும்பிப் படி. டாட் காம்னு இருந்தா அதுக்கு முன்னாடி ஒரு சொல், அதுதான் சொந்தக்காரர். டாட் கோ டாட் இன், டாட் கவ் டாட் இன் மாதிரி ரெண்டு துண்டா இருந்தா, அந்த ரெண்டுக்கும் முன்னாடி இருக்கிற சொல். அதுக்கும் இடப்பக்கம் என்ன எழுதியிருந்தாலும் அது சொந்தக்காரர் இஷ்டத்துக்கு எழுதிக்கிற அலங்காரம். உன் வங்கிப் பேரையே முன்னாடி போட்டு, டாட் லாகின், டாட் செக்யூர்னு எல்லாம் சேர்த்து, கடைசியில் வாயில் நுழையாத ஒரு பேரும் டாட் டாப்பும் வந்தா, அது அந்த வாயில் நுழையாத பேர்க்காரனோட சைட். வங்கிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

ஃபயர்பாக்ஸ் இதுல ஒரு உதவி பண்ணுது. சொந்தக்காரர் பேரை மட்டும் அழுத்தமாக் காட்டும், மத்த எழுத்தெல்லாம் மங்கலா இருக்கும். அந்த அழுத்தமான பகுதியை மட்டும் கண் பார்க்கப் பழகிடுச்சுன்னா பாதி பயம் போச்சு.

டாட் கவ் டாட் இன்ல முடியுறதை அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் கொடுப்பாங்க, தனியார் யாரும் வாங்க முடியாது. தேர்வாணையத்தோட முக்கிய சைட்டும் அதுலதான் முடியும். அப்ளிகேஷன் போடுறேன்னு எங்கயாவது போய் ஆதார் நம்பரைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி அந்த முடிவு இருக்கான்னு, இல்லேன்னா அந்த முக்கிய சைட்டில் இருந்த லிங்க் வழியாத்தான் வந்தியான்னு பாரு.

பூட்டுப் படத்தை நம்பலாமான்னு கேட்பே. பூட்டு இருந்தா கவரை ஒட்டி அனுப்புறோம்னு அர்த்தம், நடுவுல யாரும் பிரிச்சுப் படிக்க முடியாது. ஆனா அந்தக் கவர் நல்லவன் வீட்டுக்குப் போகுதா, திருடன் வீட்டுக்குப் போகுதான்னு பூட்டு சொல்லாது. திருடனும் இப்போ பூட்டு வாங்கி மாட்டிக்கிறான், அதுக்குப் பைசா செலவு இல்லை. ஜனங்க பூட்டைப் பார்த்து ஏமாறுறாங்கன்னுதான் 2023 செப்டம்பரில் குரோம் அந்தப் படத்தையே எடுத்துட்டு, செட்டிங்ஸ் மாதிரி இருக்கிற வேற ஒரு படத்தைப் போட்டுச்சு. பூட்டு இல்லாத சைட்டில் பாஸ்வேர்டு போடவே கூடாது. பூட்டு இருக்கிற சைட்டில், அட்ரஸைப் படிச்சுட்டுப் போடணும்.

இங்கதான் பாஸ்வேர்டைப் பிரவுசரில் சேமிக்கிறதைப் பத்தி ஒண்ணு சொல்லணும். பலரும் அது ஆபத்துன்னு சொல்வாங்க, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பிரவுசர் ஒரு சைட்டோட பாஸ்வேர்டை அதோட அட்ரஸோட சேர்த்துத்தான் வெச்சிருக்கும். ஒரு எழுத்து மாறின போலி சைட்டுக்கு நீ போயிட்டா, உன் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனா பிரவுசருக்குத் தெரியும், பாஸ்வேர்டை எடுத்துப் போடாது. வழக்கமாத் தானா நிரம்புற இடம் ஒருநாள் காலியா இருந்தா, 'என்னடா இது'ன்னு நீயே டைப் அடிச்சுடாதே. கையை எடுத்துட்டு அட்ரஸைப் பாரு. இதுக்காகவே சேமிக்கலாம். ஆனா லேப்டாப்பை யார் எடுத்தாலும் செட்டிங்ஸுக்குப் போய் அத்தனை பாஸ்வேர்டையும் படிச்சுட வாய்ப்பு உண்டு, அதனால ஃபயர்பாக்ஸில் 'பிரைமரி பாஸ்வேர்டு'ன்னு ஒண்ணு போட்டுக்கோ. பெட்டிக்குப் போடுற பெரிய சாவி அது. அதை மறந்தா மீட்க வழியில்லை, வீட்டு டைரியில் எழுதி வை. டைரியில் எழுதக்கூடாதுன்னு சொல்றவங்க இருக்காங்க. நம்ம வீட்டுப் பீரோவுக்குள்ள புகுந்து டைரியைத் திருடுறவனைவிட நெட்டில் திருடுறவன்தான் அதிகம்.

கஸ்டமர் கேர் நம்பரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தேடி எடுக்காதே. பணம் போய் மாட்டிக்கிச்சுன்னு பதற்றத்தில் தேடுறவங்களுக்காகவே போலி நம்பரைத் தூண்டில் மாதிரி போட்டு வெச்சிருக்காங்க. வங்கி நம்பர் உன் ஏடிஎம் கார்டு பின்னாடியே இருக்கு. அப்படியும் யாராவது ஏமாந்து பணம் போயிடுச்சுன்னா, அழுதுக்கிட்டு நிக்காம உடனே 1930-க்குப் போன் பண்ணச் சொல்லு. சைபர் குற்றத்துக்குன்னு நாடு முழுக்க இருக்கிற நம்பர் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்றாங்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

இடது ஓரம், வலது ஓரம்

அட்ரஸ் பாரோட இடது ஓரத்தில் பூட்டுக்குப் பக்கத்துல அப்பப்போ குட்டிக் குட்டிப் படங்கள் வரும். கேமரா, மைக், இருக்கிற இடம், இதையெல்லாம் எந்த சைட்டுக்குக் கொடுத்திருக்கேன்னு காட்டுற இடம் அது. அதைத் தட்டி, கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கலாம்.

இதுல ரொம்பத் தொல்லை நோட்டிஃபிகேஷன்தான். ஏதோ ஒரு சைட் 'அலோ'வான்னு கேட்கும், பாட்டு டவுன்லோடு பண்ற அவசரத்துல தட்டிட்டுப் போயிடுவாங்க. அதுக்கப்புறம் திரையோட கீழ் மூலையில் 'உங்க கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ்'னு பொத்துப் பொத்துன்னு வந்து விழும். வீட்டுல எல்லாரும் பயந்து லேப்டாப்பைச் சர்வீஸுக்குத் தூக்கிட்டுப் போவாங்க, அங்க ஃபார்மேட் பண்ணிக் காசு வாங்குவாங்க. பெரும்பாலும் அது வைரஸே இல்லை. அந்த சைட்டுக்குக் கொடுத்த அனுமதியை எடுத்துட்டா நின்னுடும். செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் பெர்மிஷன்ஸ்னு இருக்கும், அங்க நோட்டிஃபிகேஷனைத் திறந்தா அனுமதி வாங்கின சைட்டெல்லாம் வரிசையா நிக்கும். உனக்குத் தெரியாத பேரையெல்லாம் எடுத்து வீசு. கீழேயே, இனிமே யாரும் கேட்கவே வேண்டாம்னு சொல்ற ஒரு டிக் பெட்டியும் இருக்கும். டிக் போட்டுடு. 2020 ஜனவரியில் வந்த ஃபயர்பாக்ஸ் 72-ல இருந்து இந்தக் கேள்வி பெட்டியாக் குதிக்காது, அட்ரஸ் பாரில் சின்னப் படமா மட்டும் நிக்கும், அதுவே பெரிய புண்ணியம். திரையையே அடைச்சுக்கிட்டு 'மைக்ரோசாஃப்டுக்குப் போன் பண்ணு'ன்னு கத்துற பக்கம் வந்தா எஸ்கேப் கீயை அழுத்திப் பிடி, போகலேன்னா ஆல்ட்டும் எஃப்4-ம். அந்த நம்பருக்குப் போன் மட்டும் பண்ணிடாதே.

வலது ஓரத்தில் ஒரு நட்சத்திரம். அதைத் தட்டினாலும், கண்ட்ரோலும் D-யும் தட்டினாலும் அந்தப் பக்கம் புக்மார்க் ஆகும். நட்சத்திரம் தட்டுறது சுலபம், அதனாலதான் எல்லாருக்கும் புக்மார்க் குப்பையாக் குவியுது. 'அப்புறம் படிக்கலாம்'னு போடாதே, அந்த அப்புறம் வராது. திரும்பத் திரும்பப் போற இடத்தை மட்டும் போடு: வங்கி, ஈபி பில், ரயில் டிக்கெட், தேர்வாணையம், உன் மெயில். போட்டதை அட்ரஸ் பாருக்குக் கீழே இருக்கிற பட்டையில் வை. பட்டை தெரியலேன்னா கண்ட்ரோல், ஷிப்ட், B. பேரை ரைட் கிளிக் பண்ணி தமிழ்ல சுருக்கமா 'கரண்ட்'னு மாத்திக்கோ. பேரையே அழிச்சுட்டா சைட்டோட சின்னம் மட்டும் நிக்கும், இன்னும் நாலு புக்மார்க்குக்கு இடம் கிடைக்கும். வங்கிக்கு மட்டும் ஒரு விதி: முகப்புப் பக்கத்தைப் போடு, லாகின் ஆன பிறகு வர்ற பக்கத்தைப் போடாதே, மறுநாள் அது திறக்காது. பாஸ்புக்கில் இருக்கிற அட்ரஸைப் பார்த்து ஒருதடவை கையால அடிச்சு, புக்மார்க் பண்ணிட்டு, இனிமே அது வழியா மட்டும் போ. எஸ்எம்எஸில் வர்ற லிங்க் வழியா வங்கிக்குப் போறதே வேண்டாம்.

நட்சத்திரத்துக்குப் பக்கத்துல, கட்டுரை மாதிரி இருக்கிற பக்கங்களில் மட்டும், தாளில் எழுத்து இருக்கிற மாதிரி ஒரு படம் வரும். ரீடர் வியூ. 2015-ல் ஃபயர்பாக்ஸில் வந்தது. எனக்கு இதுல இருக்கிற வசதிகளில் ரொம்பப் பிடிச்சது இதுதான். தட்டினா விளம்பரம், ஓரத்துப் படம், 'இதையும் படிங்க', மேலே மிதக்கிற வீடியோ எல்லாம் காணாமப் போய், தலைப்பும் எழுத்தும் கட்டுரைக்கான படமும் மட்டும் நிக்கும். எழுத்தைப் பெரிசாக்கலாம், வரி இடைவெளியைக் கூட்டலாம், பின்னாடி வெள்ளைக்குப் பதிலா மங்கலான பழுப்போ கறுப்போ வெச்சுக்கலாம். தமிழ்ச் செய்தி சைட்டுகளில் ஒரு பத்திக்கு ஒரு விளம்பரம் வர்ற கொடுமைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. சமையல் குறிப்பைப் பிரிண்ட் எடுக்கணும்னாலும் முதல்ல ரீடர் வியூவுக்கு மாத்திட்டு எடு, ஆறு தாள் ஒண்ணரைத் தாளா அடங்கிடும்.

அதுலயே ஹெட்போன் படம் ஒண்ணு இருக்கும், படிச்சுக் காட்டும். தமிழ்க் குரல் விண்டோஸில் இருந்து வரணும். தமிழை மொழிப் பட்டியலில் சேர்க்கும்போது பேச்சையும் சேர்த்து இறக்கிக்கணும். மைக்ரோசாஃப்ட் தமிழ் ஆண் குரலுக்கு வெச்சிருக்கிற பேர் வள்ளுவர். எட்ஜ் வெச்சிருந்தா இன்னும் நல்லா இருக்கும், அதுல பல்லவின்னு ஒரு பெண் குரலும் உண்டு, கண்ட்ரோல், ஷிப்ட், யு தட்டினா வாசிக்க ஆரம்பிச்சுடும். பாத்திரம் தேய்க்கிறப்போ நடப்பு நிகழ்வுகளை இப்படிக் கேட்டு முடிச்சுடலாம்.

டேப்

இதைச் சட்டுன்னு சொல்லிடறேன். புது டேப் கண்ட்ரோலும் T-யும், மூட கண்ட்ரோலும் டபிள்யூவும். தெரியாம மூடிட்டேன்னா கண்ட்ரோல், ஷிப்ட், T. மறுபடி மறுபடி தட்டினா, மூடினதெல்லாம் கடைசியில் இருந்து ஒண்ணொண்ணாத் திரும்பி வரும். இந்த ஒரு கீயை எங்க அலுவலகத்துல சொல்லிக் கொடுத்தப்போ என்னை ஏதோ மந்திரவாதி மாதிரி பார்த்தாங்க. லிங்க்கை மவுஸோட சக்கரத்தால அழுத்தினா புது டேப்பில் திறக்கும், தேடல் முடிவுகளில் இருந்து நாலு லிங்க்கைத் திறக்கணும்னா இப்படித் திற, பின்னுக்கு வந்து வந்து போக வேண்டியதில்லை. டேப்பையே சக்கரத்தால அழுத்தினா மூடிடும்.

லேப்டாப்பை அணைச்சுட்டுத் திறந்தா நேத்து விட்ட டேப்கள் வரணுமா? செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் முதல் டிக்கே அதுக்குத்தான். வீடியோ வகுப்பு பார்த்துக்கிட்டே நோட்ஸ் அடிக்கணும்னா, வீடியோ மேல மவுஸைக் கொண்டு போனா ஒரு சின்னப் பொத்தான் வரும், தட்டினா வீடியோ மட்டும் தனியாக் கழண்டு ஓரத்துல மிதக்கும். இழுத்துப் பெரிசாக்கிக்கலாம்.

பக்கத்துக்குள்ள தேட கண்ட்ரோலும் எஃப்பும். நாற்பது பக்க அறிவிக்கையில் 'வயது வரம்பு' எங்கேன்னு உருட்டிக்கிட்டு இருக்காதே. ஆனா ஒண்ணு, பழைய அரசாணை பிடிஎஃப் சிலதுல தமிழ்ல தேடினா ஒண்ணுமே கிடைக்காது. சொல் கண்ணுக்கு முன்னாடியே இருக்கும், பிரவுசர் இல்லைன்னு சாதிக்கும். யூனிகோடு வர்றதுக்கு முந்தின எழுத்துருவில் அடிச்சிருப்பாங்க, இல்லேன்னா தாளை ஸ்கேன் பண்ணி வெறும் படமாப் போட்டிருப்பாங்க. அப்போ கண்ணாலதான் தேடணும், வேற வழியில்லை.

பிடிஎஃப்னு சொன்னதும் ஞாபகம் வருது, அதுக்குத் தனியா எந்தச் சாஃப்ட்வேரும் இறக்காதே. ஃபயர்பாக்ஸே திறக்கும். விண்ணப்பத்தில் காலியா இருக்கிற இடத்தை நிரப்பலாம், 2022 அக்டோபரில் இருந்து பிடிஎஃப் மேலயே எழுதலாம், வரையலாம், அப்புறம் போட்டோவையும் ஒட்டுற மாதிரி ஆக்கிட்டாங்க. 'ஃப்ரீ பிடிஎஃப் எடிட்டர்'னு தேடி, எவனோ ஒருத்தன் சைட்டில் உன் ஜாதிச் சான்றிதழை ஏத்தி, அவன்கிட்ட ஒரு காப்பியை விட்டுட்டு வர வேண்டாம்.

பணம் கட்டின ரசீது பக்கம் வந்ததும் வேற எதையும் தொடாதே, ரிஃப்ரெஷ் பண்ணாதே, பின்னுக்குப் போகாதே. கண்ட்ரோலும் P-யும் தட்டி, பிரிண்டர் இருக்கிற இடத்தில் 'சேவ் டு பிடிஎஃப்'னு தேர்ந்தெடுத்துச் சேமி. பிரிண்ட்டில் கோணல்மாணலா வருதுன்னா ரைட் கிளிக் பண்ணு, ஃபயர்பாக்ஸில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிற வசதி அங்கயே இருக்கு, முழுப் பக்கத்தையும் உருட்டாமலே படமா எடுத்துக் கொடுக்கும். சேமிச்சது எங்க போச்சுன்னு தெரியலேன்னா கண்ட்ரோலும் ஜேயும்.

சைட் ஒண்ணு அரைகுறையாத் திறந்து நிக்குதா? அரசு சைட்டுகளில் கடைசித் தேதியன்னைக்கு இது நிச்சயம். கண்ட்ரோல், ஷிப்ட், ஆர் தட்டு, பழைய சேமிப்பை விட்டுட்டுப் புதுசா இறக்கும். அதுக்கும் மசியலேன்னா இடது ஓரத்துப் பூட்டைத் தட்டி, அந்த ஒரு சைட்டோட குக்கீயை மட்டும் அழி. யூடியூப்ல சொன்னாங்கன்னு ஹிஸ்டரி, குக்கீ எல்லாத்தையும் மொத்தமா அழிச்சா எல்லா சைட்டுலயும் லாக் அவுட் ஆகி, எல்லா ஓடிபியையும் மறுபடி வாங்கிக்கிட்டு உட்கார்ந்திருப்பே.

பிரைவேட் விண்டோ எதுக்கு, எதுக்கில்லை

கண்ட்ரோல், ஷிப்ட், P. குரோமில் P-க்குப் பதிலா N. கறுப்பா ஒரு ஜன்னல் வரும், ரகசியமா உலாவலாம்னு நினைச்சுப்பாங்க. அது மறைக்கிறது உன் லேப்டாப்பை அடுத்து எடுக்கிறவங்ககிட்ட இருந்து மட்டும்தான். நீ போற சைட்டுக்கும், நெட் கொடுக்கிற கம்பெனிக்கும், ஆபீஸ் வைஃபையா இருந்தா ஆபீஸுக்கும் தெரியத்தான் செய்யும். இறக்கின ஃபைலும் போட்ட புக்மார்க்கும் அப்படியே தங்கும். இன்காக்னிடோவில் இருந்தாலும் தரவு சேர்த்தாங்கன்னு 2020-ல் அமெரிக்காவில் கூகுள் மேல வழக்குப் போட்டாங்க. 2024-ல் சமரசத்துக்கு வந்து, சேர்த்ததை அழிக்க கூகுள் ஒத்துக்கிச்சு.

அப்போ எதுக்குத்தான் அது? அடுத்தவங்க கம்ப்யூட்டரில் உன் மெயிலைத் திறக்கிறதுக்கு. நெட் சென்டர்ல ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்கப் போனா, முதல்ல பிரைவேட் விண்டோவைத் திற, வேலை முடிஞ்சதும் அந்த மாதிரி திறந்த எல்லா ஜன்னலையும் மூடு, டவுன்லோடு ஃபோல்டரில் விழுந்ததை அழி. ரெண்டாவது உபயோகம், ஒரே சைட்டில் அம்மா கணக்கையும் உன் கணக்கையும் ஒரே நேரத்தில் திறக்கணும்னா, ஒண்ணை இதுல திறக்கலாம்.

ஏன் ஃபயர்பாக்ஸ்

ஒரே காரணம், யுபிளாக் ஆரிஜின். ரேமண்ட் ஹில்னு ஒருத்தர் 2014-ல் ஆரம்பிச்ச எக்ஸ்டென்ஷன், இலவசம். விளம்பரத்தை மட்டும் இல்லை, உன் பின்னாடியே வந்து நீ என்ன வாங்குறே, என்ன படிக்கிறேன்னு குறிச்சுக்கிற கண்காணிப்பு நிரல்களையும் தடுக்கும். பக்கம் வேகமாத் திறக்கும், டேட்டாவும் மிச்சம். குரோம் எக்ஸ்டென்ஷன் முறையை மாத்தினதால அதுல இப்போ இதோட லைட் பதிப்புதான் கிடைக்குது, ஃபயர்பாக்ஸில் முழுசும் ஓடுது. பேரைச் சரியாப் பார்த்துப் போடு, இதே மாதிரி பேர் வெச்ச வேற எக்ஸ்டென்ஷன்களும் இருக்கு. உனக்குப் பிடிச்ச சின்னப் பத்திரிகை சைட் விளம்பரத்தை நம்பித்தான் ஓடுதுன்னா, யுபிளாக் படத்தைத் தட்டி அதுல இருக்கிற பெரிய பொத்தானை அழுத்தினா அந்த சைட்டுக்கு மட்டும் விலக்கு. நான் சிலதுக்குக் கொடுத்திருக்கேன்.

வேற எக்ஸ்டென்ஷன் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். போடும்போது 'எல்லா சைட்டிலும் உள்ள தரவைப் படிக்க, மாத்த'ன்னு அனுமதி கேட்கும் பாரு, அதுல உன் வங்கிப் பக்கமும் அடக்கம். தீம் மாத்துறதுக்கும் எமோஜி போடுறதுக்கும் அவ்வளவு பெரிய அனுமதியைக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆண்ட்ராய்டு போன்லயும் ஃபயர்பாக்ஸ் போட்டுக்கோ, யுபிளாக் அதுலயும் ஓடும். ரெண்டுலயும் ஒரே மொஸில்லா கணக்கில் நுழைஞ்சா புக்மார்க்கும் பாஸ்வேர்டும் ரெண்டு பக்கமும் வந்துடும், பஸ்ல வர்றப்போ போன்ல பார்த்த பக்கத்தை அங்க இருந்தே லேப்டாப்புக்கு அனுப்பலாம். அந்தக் கணக்கில் லைப்ரரி கம்ப்யூட்டர்லயோ தோழி லேப்டாப்லயோ மட்டும் நுழையாதே, உன் பாஸ்வேர்டு மொத்தமும் அங்க போய் இறங்கிடும். எப்பவாவது நுழைஞ்சிருக்கியோன்னு சந்தேகமா இருந்தா, கணக்கோட செட்டிங்ஸில் நீ நுழைஞ்ச கருவிகளோட பட்டியல் இருக்கும், தெரியாததை அங்க இருந்தே வெளியேத்திட்டு, கையோட பாஸ்வேர்டையும் மாத்திடு.